கை தூக்குவதை விட்டுக் கைப்பேசிக்குப் போகலாமா? உழவர் நிறுவனத் தேர்தலில் ரகசியம் பற்றி

மூணாறு தலைப்பு (நீடாமங்கலம்) கேட்டது:

எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நான் ஒரு இயக்குநர். ஆயிரத்துச் சொச்சம் பங்குதாரர்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று ஏக்கர்காரர்கள். விதை நெல், உரம், உளுந்து கொள்முதல் எல்லாம் எங்கள் வழியாக நடக்கிறது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்பது சட்டம். அந்த ஒரு ஓட்டை எப்படிப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பருக்குள் முடிந்தாக வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, குறுவை அறுப்பும் சம்பா நாற்றங்காலும் ஒன்றாக வந்து நிற்கும் நேரம் அது. கல்யாண மண்டபத்தில் கால் பங்கு உறுப்பினர் சேர்வதே பெரும்பாடு. சிங்கப்பூர், துபாய், திருப்பூர் என்று போனவர்கள் வரவே முடியாது. வந்தவர்களும் கை தூக்கித்தான் இயக்குநரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேடையில் நிற்கும் வேட்பாளரிடம் அறுவடை மிஷின் இருக்கிறது. கீழே உட்கார்ந்திருப்பவர் அடுத்த வாரம் அதே மிஷின் தன் வயலுக்கு வர வேண்டும் என்று காத்திருப்பவர். மேகம் வேறு கூடிக்கொண்டிருக்கும். அந்தக் கை யார் பக்கம் உயரும்?

இதை மாற்றுகிறோம் என்று ஒரு மென்பொருள் நிறுவனத்தார் வந்து ஆப் ஒன்றைக் காட்டினார்கள். உறுப்பினர் எண்ணை அடித்தால் ஓடிபி வரும், வேட்பாளர் படத்தைத் தொட்டால் ஓட்டு பதிவாகிவிடும். "யார் யாருக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாதே?" என்று கேட்டேன். "அட்மினுக்கு மட்டும்தான் சார் தெரியும், எல்லாம் பிளாக்செயின்ல இருக்கு, மாத்தவே முடியாது" என்றார்கள். மாற்ற முடியாது என்பது சரி. மாற்ற முடியாதபடி என்றென்றைக்கும் இருக்கும் பட்டியலில் என் ஓட்டு யாருக்கு என்பதும் இருக்கிறதா என்பதே என் பயம்.

நான் உறுப்பினர் என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும், ஒரு தடவைக்கு மேல் போட விடக் கூடாது, ஆனால் யாருக்குப் போட்டேன் என்று அதற்கே தெரியக் கூடாது. அப்படியும் என் ஓட்டு எண்ணிக்கையில் சேர்ந்ததா என்று நான் சரிபார்க்க வேண்டும். இந்த நான்கும் ஒன்றாக நடக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குழுவில் வைத்துப் பேசப் போகிறேன்.

மன்னார்குடி மறையியல் எழுதியது:

அண்ணே, அட்மினுக்குத் தெரியும் என்று அவர்கள் சொன்ன இடத்திலேயே அந்த ஆப்பைத் திருப்பி அனுப்பிவிடலாம். உறுப்பினர் எண், கைப்பேசி எண், நேரம், யாருக்கு ஓட்டு, இந்த நான்கும் ஒரே வரிசையில் ஒரே சர்வரில் கிடக்கும். பெயரை மறைத்துவிட்டோம் என்பார்கள். ஓடிபி போன நேரத்தையும் ஓட்டு விழுந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர் தானாக வந்து நிற்கும். பிளாக்செயின் இதற்கு மருந்தில்லை. பதிவான பிறகு திருத்தாமல் காப்பது ஒன்றுதான் அதன் வேலை. பதிவாகும் முன்பே கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு தீய நிரல் வேறு பெயரை அனுப்பினால், அந்தத் தவறான ஓட்டைத்தான் பத்திரமாகக் காக்கும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2018-ல் வோட்ஸ் என்ற பிளாக்செயின் ஆப்பை வெளிநாட்டில் இருந்த வாக்காளர்களுக்குக் கொடுத்தார்கள். 2020-ல் அங்குள்ள எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, ஓட்டை மாற்றவும் யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடிக்கவும் வழி இருப்பதைக் காட்டினார்கள்.

நீங்கள் கேட்ட நான்கையும் சேர்த்துச் செய்யக் கணிதம் இருக்கிறது. டேவிட் சாம் என்ற மறையியல் (தகவலைப் பூட்டி மறைக்கும் கணிதம்) ஆய்வாளர் 1981-லேயே வழி போட்டுவிட்டார். உங்கள் கைப்பேசியே ஓட்டைப் பூட்டித்தான் அனுப்பும். பூட்டிய ஓட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சர்வர்கள் வழியாகப் போகும். ஒவ்வொன்றும் வரிசையைக் கலைத்து, பூட்டின் தோற்றத்தையும் மாற்றி அடுத்ததற்குத் தள்ளும். கொள்முதல் நிலையக் களத்தில் பத்துப் பேர் நெல்லை ஒன்றாகக் கொட்டிக் கலந்த பிறகு எந்த மணி எவர் வயல் என்று சொல்ல முடியாது, ஆனால் மொத்த எடை குறையக் கூடாது அல்லவா, அதுபோலத்தான். எடை குறையவில்லை என்பதற்கு ஒவ்வொரு சர்வரும் கணிதச் சான்று ஒன்றை வெளியிட வேண்டும். கலந்த விதத்தை அந்தச் சான்று காட்டிக்கொடுக்காது. கலக்கும் சர்வர்களை வெவ்வேறு ஆட்கள் நடத்த வேண்டும். அவர்களில் ஒருவராவது நேர்மையாக இருந்தால் ரகசியம் நிற்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பூட்டைத் திறக்காமலேயே ஓட்டுகளைக் கூட்டி, கூட்டுத்தொகையை மட்டும் திறப்பது. பென் அடிடா 2008-ல் வெளியிட்ட ஹீலியோஸ் என்ற திறந்த மென்பொருளின் இப்போதைய பதிப்பு அப்படித்தான் வேலை செய்கிறது. திறக்கும் சாவி பல பொறுப்பாளர்களிடம் பிரிந்திருக்கும். பூட்டிய ஓட்டுகள் எல்லோரும் பார்க்கும் பலகையில் இருக்கும். உங்களுடையது அங்கே இருக்கிறதா என்று உங்கள் ரசீது எண்ணை வைத்துப் பார்க்கலாம், ஆனால் அந்த ரசீதை வைத்து யாருக்குப் போட்டீர்கள் என்று சொல்ல முடியாது. கைப்பேசி ஏமாற்றினால்? அதற்கு ஜோஷ் பெனாலோ என்ற ஆய்வாளர் சொன்ன சோதனை இருக்கிறது. பூட்டியதும் "திறந்து காட்டு" என்று கேட்கலாம். காட்டினால் அந்தச் சீட்டு செல்லாது, புதிதாகப் பூட்ட வேண்டும். எந்தத் தடவை கேட்கப் போகிறீர்கள் என்று கைப்பேசிக்குத் தெரியாது, அதனால் ஏமாற்றினால் மாட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. உலக மறையியல் ஆய்வாளர்களின் சங்கமே 2010 முதல் தங்கள் தேர்தலுக்கு ஹீலியோஸைத்தான் பயன்படுத்துகிறது. 2025-ல் மூன்று பொறுப்பாளர்களில் ஒருவர் தன் பங்குச் சாவியைத் தொலைத்துவிட்டார். மூன்றும் இருந்தால்தான் திறக்கும் என்று அமைத்திருந்ததால் முடிவை அறிய வழியில்லாமல் தேர்தலையே மறுபடி நடத்தினார்கள். உலகத்தில் இந்தக் கணிதத்தை மிக நன்றாக அறிந்தவர்களுக்கே அப்படி. நீங்கள் செய்தால் மூவரில் இருவர் போதும் என்று அமையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு முக்கியமானதைச் சொல்ல வேண்டும். இதெல்லாம் நெருக்குதல் குறைவான தேர்தல்களுக்கு என்று ஹீலியோஸைச் செய்தவரே சொல்லியிருக்கிறார். மன்றங்கள், மாணவர் சங்கங்கள் போல. அறுவடை மிஷின்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "போடு பார்க்கலாம்" என்றால் எந்தக் கணிதமும் உதவாது. உங்கள் தேர்தல் நெருக்குதல் குறைவானதா? நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

தேர்தல் பணியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தடவை போயிருக்கிறேன். தம்பி சொன்ன கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன்.

வாக்குச்சாவடியில் நாங்கள் மிகவும் கவனிப்பது இயந்திரத்தை அல்ல, மறைப்பு அட்டையை. உள்ளே ஒருவர்தான் இருக்க வேண்டும். பார்வையில்லாதவர், உடல் நலிந்தவர் என்றால் துணைக்கு ஒருவர் வரலாம், ஆனால் ஒருவர் ஒரு நாளில் ஒரு வாக்காளருக்கு மேல் துணைக்கு வர முடியாது. அதற்கென்று உறுதிமொழிப் படிவம் வாங்கி வைப்போம். இந்த விதி ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒரே ஆள் இருபது கிழவிகளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தால் இருபது ஓட்டும் அவனுடையதாகிவிடும். ஆப் வந்தால் என்ன நடக்கும்? தெருவில் ஸ்மார்ட்போன் தெரிந்த ஒரு பையன் தெரு முழுவதற்கும் துணையாக இருப்பான். அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. "ஆத்தா, நான் போட்டுடுறேன், நீ போய் வேலையப் பாரு" என்பான், அவ்வளவுதான்.

ரகசியம் என்பது வாக்காளர் விரும்பினால் வைத்துக்கொள்ளும் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவரே விரும்பினாலும் நிரூபித்துக் காட்ட முடியாமல் இருக்க வேண்டும். நிரூபிக்க முடிந்தால் விற்க முடியும். விற்க முடிந்தால், விற்க மறுப்பவரை மிரட்ட முடியும். வாக்கு இயந்திரத்தோடு இருக்கும் விவிபாட் கருவியில், யாருக்குப் போட்டோம் என்று அச்சான தாள் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறதே, கையில் கொடுக்காமல் இருப்பது அதற்காகத்தான். கையில் கொடுத்தால் சாவடி வாசலில் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க ஆள் நிற்கும்.

பெயரையும் ஓட்டையும் பிரிப்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. தபால் ஓட்டில் செய்கிறோம். ஓட்டுச் சீட்டு உள் உறையில், அது 13-பி. உறுதிமொழி 13-ஏ தனியாக. இரண்டையும் சேர்த்து 13-சி வெளி உறையில் போடுவார்கள். எண்ணும் நாளில் வெளி உறையைப் பிரித்து, உறுதிமொழியில் கையெழுத்தும் சான்றொப்பமும் சரியா என்று பார்த்து, உள் உறையைத் தனியே குவிப்போம். எல்லாம் குவிந்த பிறகே உள் உறைகளைப் பிரிப்போம். அந்த நேரத்தில் பெயர் ஒரு மேசையில், ஓட்டு இன்னொரு மேசையில். எந்த ஆப்காரர் வந்தாலும் "உறையிலிருந்து பெயர் எந்த இடத்தில் பிரிகிறது, பிரிக்கும்போது யார் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. ரகசியம் எண்ணும்போதும் போகும். காகிதச் சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு சாவடி சாவடியாக எண்ணிக்கை வெளியே வருகிறது, எந்தத் தெரு யாருக்குப் போடவில்லை என்று மறுநாளே தெரிந்துவிடுகிறது. 14 சாவடி இயந்திரங்களைச் சேர்த்து ஒரே கூட்டுத்தொகை காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையமே கேட்டது, மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் நிறுவனத்தில் ஊர்வாரியாக முடிவு போடாதீர்கள். ஒரு குக்கிராமத்தில் ஒன்பது உறுப்பினர்தான் இருக்கிறார்கள், ஒன்பதும் ஒருவருக்கே என்றால், அங்கே ரகசியம் என்று எதுவும் மிச்சமில்லை.

வலங்கைமான் விவசாயி எழுதியது:

நான் இதுமாதிரி இடத்தில் எழுதுவதில்லை. மகள் தட்டச்சு செய்து தருகிறாள்.

நானும் ஒரு உழவர் நிறுவனத்தில் பங்குதாரர். பங்கு என் பெயரில். படிவம் நிரப்பிய அன்று கைப்பேசி எண் என்ற கட்டத்தில் வீட்டுக்காரர் எண்ணை எழுதினார்கள், ஏனென்றால் அப்போது என்னிடம் போன் கிடையாது. எங்கள் தெருவில் பங்கு வாங்கிய பெண்கள் பலருக்கும் அப்படித்தான். ஆப் வந்தால் என் ஓடிபி அவர் சட்டைப் பையில் அடிக்கும். ஓட்டு போட்டு முடித்துவிட்டு ராத்திரி சாப்பிடும்போது சொல்வார், "உன் ஓட்டையும் போட்டாச்சு" என்று. கோபப்பட்டுச் சொல்ல மாட்டார். உதவி செய்ததாகத்தான் நினைப்பார்.

சட்டமன்றத் தேர்தலுக்குப் போகும்போதும் சொல்லித்தான் அனுப்புவார்கள், இன்ன சின்னம் என்று. சரி என்று தலையாட்டிவிட்டுப் போவேன். அந்த அட்டைக்குப் பின்னால் நிற்கும் நேரத்தில் என்னை யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் எனக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. அடுப்படியில் கூட யாராவது வந்து நிற்பார்கள். ஓட்டை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்வது வசதியாக இருக்கலாம். எனக்கு அது இருக்கிற ஒரு இடத்தைப் பிடுங்குவது.

கல்யாண மண்டபத்தில் கை தூக்குவது எனக்கும் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு பெட்டியும் ஒரு மறைப்பும் வைத்தால் போதாதா? எதற்காக இவ்வளவு பெரிய கணக்கு?

பட்டுக்கோட்டை, சிங்கப்பூரிலிருந்து எழுதியது:

அக்கா சொன்னதை இரண்டு முறை படித்தேன். என் அம்மாவையும் தங்கச்சியையும் நினைத்துக்கொண்டேன். அதில் மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனாலும் பெட்டி மட்டும் போதும் என்றால் நான் எங்கே போவது? எனக்கும் ஊரில் நிலம் இருக்கிறது, கல்லணைக் கால்வாய்ப் பாசனம். உழவர் நிறுவனத்தில் பங்கு இருக்கிறது. உரம் என்ன விலைக்கு வருகிறது, தேங்காய்க்கு என்ன விலை கிடைக்கிறது என்பதெல்லாம் என் குடும்பத்தைப் பாதிக்கிறது. நாட்டுத் தேர்தலிலேயே வெளிநாட்டில் இருக்கிறவன் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். டிக்கெட் போட்டு ஓட்டுக்காக வர எந்தக் கட்டுமான வேலைக்காரனுக்கு முடியும்? ராணுவத்தினர், தூதரக ஊழியர்கள் போன்ற அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஓட்டுச் சீட்டை இணையத்தில் அனுப்பித் தபாலில் திரும்ப வாங்குகிறார்கள். 2016-ல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் அதை முதலில் செய்தார்கள். 2025 ஜூனில் பீகார் நகராட்சித் தேர்தல்களில் கைப்பேசியிலேயே ஓட்டு போட வைத்தார்கள். எங்களுக்கு மட்டும் எதுவும் இல்லை.

விடுதியில் ஒரே அறையில் பலர் படுக்கிறோம், ரகசியம் இங்கேயும் கஷ்டம்தான். ஆனால் மேஸ்திரிக்கு எங்கள் ஊர் இயக்குநர் யார் என்று ஒரு கவலையும் இல்லை. என்னை நெருக்கக்கூடியவர் ஊரில் இருக்கிறார், நான் அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறேன். கைப்பேசி ஓட்டால் அக்காவுக்கு வரும் ஆபத்து வேறு, எனக்கு வருவது வேறு. இரண்டு பேருக்கும் ஒரே விதியா போட வேண்டும்?

மன்னார்குடி மறையியல் எழுதியது:

டீச்சர் தபால் உறையை வைத்துச் சொன்னதைத்தான் எஸ்டோனியா செய்கிறது. 2005 உள்ளாட்சித் தேர்தலில் தொடங்கினார்கள், 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு இணையத்தில் விழுந்தது. பூட்டிய ஓட்டு உள் உறை, அடையாள அட்டையால் போட்ட மின்கையெழுத்து வெளி உறை. கையெழுத்தைக் கழற்றிய பிறகே உள்ளதைத் திறப்பார்கள். நெருக்குதலுக்கு அவர்கள் கண்ட வழி, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதே செல்லும், நேரில் போய்த் தாளில் போட்டால் இணைய ஓட்டு ரத்து என்பது. பக்கத்தில் நின்று போட வைத்தவனுக்கு அது கடைசி ஓட்டுதானா என்று தெரியாது. இது அக்காவுக்கும் கொஞ்சம் பயன்படும். ஆனால் கடைசி மணி நேரம் வரை போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் பயன்படாது, அதனால்தான் தாளில் போடும் நாள் கடைசியில் வர வேண்டும்.

அங்கே ஒவ்வொரு குடிமகனிடமும் சாவி பொதிந்த அரசு அட்டை இருக்கிறது. நம்மிடம் ஓடிபி. சிம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினர் என்று ஆகிவிடும். அக்கா எழுதியதை நிபுணர் குழுவிடம் கேட்டிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மற்ற நாடுகளில் நடந்ததையும் குழுவில் சொல்லுங்கள். நார்வே 2011-லும் 2013-லும் சோதித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டது. வாஷிங்டன் நகரம் 2010-ல் "வந்து உடைத்துப் பாருங்கள்" என்று திறந்து வைத்த சோதனை அமைப்பை மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 48 மணி நேரத்துக்குள் கைப்பற்றி, போட்ட ஓட்டுகளை எல்லாம் மாற்றிவிட்டது. சுவிட்சர்லாந்தில் 2019-ல் இணைய ஓட்டு அமைப்பின் நிரலை வெளியிட்டார்கள். ஆய்வாளர்கள் மூவர் படித்துப் பார்த்து, ஓட்டுகளை மாற்றிவிட்டு "மாறவில்லை" என்று சான்றும் கொடுக்க முடிகிற பிழை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நான் முன்பு சொன்னேனே, கலக்கும்போது எடை குறையவில்லை என்ற சான்று, அதிலேயே. நிறுத்தி, சரிசெய்து, 2023-ல்தான் மறுபடி தொடங்கினார்கள். நிரலைக் காட்ட மறுக்கும் எவரிடமும் வாங்காதீர்கள்.

ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச்சில் அங்கே பயன்பட்ட வாக்கு இயந்திரங்கள் செல்லாது என்றது. எண்ணிக்கை சரிதானா என்று தொழில்நுட்பம் தெரியாத குடிமகனும் பார்த்துப் புரிந்துகொள்ள முடிய வேண்டும் என்றது நீதிமன்றம். எனக்கு இந்தத் துறைதான் சோறு போடுகிறது, ஆனாலும் அந்தத் தீர்ப்புக்கு என்னிடம் பதில் இல்லை. கணிதச் சான்றை நான் சரிபார்ப்பேன். தோற்றுப்போன வேட்பாளர் என்னை நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவரால் முடியும். சீட்டை எண்ணும்போது அவர் என்னை நம்பத் தேவையில்லை, மேசைக்கு எதிரே நின்று தானே பார்க்கிறார்.

அதனால் என் கருத்து: ஊரில் இருப்பவர்களுக்குத் தாள், பெட்டி, மறைப்பு. வெளியூர் வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் மாற்றிப் போடக்கூடிய இணைய ஓட்டு.

மூணாறு தலைப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வலங்கைமான் அக்கா எழுதியதைப் படித்த அன்றே எங்கள் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரே கைப்பேசி எண் மூன்று பேர், நான்கு பேர் பெயருக்கு நேரே இருக்கிறது. பெரும்பாலும் பெண்கள் பெயர். ஆப்பை அப்படியே வாங்கியிருந்தால் இவ்வளவு பேருடைய ஓட்டையும் நாங்களே எடுத்து வேறு ஒருவர் கையில் கொடுத்திருப்போம்.

குழுவில் இப்படி வைக்கலாம் என்று இருக்கிறேன். கொள்முதல் மையங்கள் மூன்றிலும் ஒரே நாளில் பெட்டி. ஒரே பட்டியல், ஆனால் மூன்றாகப் பிரித்து, ஒருவர் பெயர் ஓரிடத்தில் மட்டும். இணைய ஓட்டு அதற்கு முன் ஒரு வாரம் திறந்து, முந்தைய நாள் மூடிவிடும். இணையத்தில் போட்டவர் ஊருக்கு வந்து தாளிலும் போட்டால், அவருடைய பூட்டிய ஓட்டை எண்ணைப் பார்த்து முதலில் நீக்கிவிட்டுப் பிறகு பெயர்களைக் கழற்றுவது. சாவி மூன்று பேரிடம், இருவர் போதும். மூன்று பெட்டியையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துதான் எண்ணுவது, ஊர்வாரிக் கணக்கு கிடையாது. இந்த நடைமுறை நிறுவன விதிகளுக்குள் வருகிறதா என்று கம்பெனி செக்ரட்டரியிடம் எழுத்தில் வாங்கிவிடுவேன்.

எனக்கு உறுத்துவது ஒன்று. வெளிநாட்டு உறுப்பினர் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். அவர்களில் பத்துப் பேர் மட்டும் போட்டால், இணைய ஓட்டின் கூட்டுத்தொகை தனியாகத் தெரியுமே? டீச்சர் சொன்ன ஒன்பது பேர் கிராமம் போல் ஆகிவிடாதா?

மன்னார்குடி மறையியல் எழுதியது:

ஆகும் அண்ணே. இந்த இடத்தில் இரண்டு நல்ல குணங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. யாரும் சரிபார்க்கலாம் என்றால் இணைய ஓட்டின் கூட்டுத்தொகை வெளியே வந்தே தீரும். பத்தும் ஒருவருக்கே விழுந்திருந்தால் பத்துப் பேரும் யாருக்குப் போட்டார்கள் என்று உலகத்துக்குத் தெரியும். எவ்வளவு நல்ல மறையாக்கமும் இதைத் தடுக்காது, ஏனென்றால் உடைந்தது பூட்டு இல்லை, கூட்டம் சிறியதாகிவிட்டது.

செய்யக்கூடியது இது. கூட்டுத்தொகையைத் திறக்கும் ஹீலியோஸ் முறை இதற்கு வேண்டாம். கலந்து தனித்தனி ஓட்டாகத் திறக்கும் முறையை எடுங்கள். பொறுப்பாளர்களும் வேட்பாளர் முகவர்களும் பார்க்க, திறந்த ஒவ்வொன்றையும் மற்றவர்கள் போட்ட அதே சீட்டில் அச்சிட்டு, மடித்து, மூன்று பெட்டிச் சீட்டுகளோடு சேர்த்துக் கொட்டிவிடுங்கள். பிறகு எண்ணுங்கள். பொதுவில் கணிதச் சான்று இருக்காது, அந்த அறையில் இருந்தவர்கள்தான் சாட்சி. அந்த அறையில் இருந்தவர்களுக்கு இணையக் கூட்டுத்தொகை தெரியும், அதையும் மறைக்க முடியாது. அதற்கும் சேர்த்து ஒரு வரம்பு வையுங்கள்: இத்தனை பேருக்குக் குறைவாகப் பதிந்தால் இணைய ஓட்டு நடக்காது, அவர்களுக்குத் தபால் உறை அனுப்பப்படும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். என்ன எண் என்று வேட்பாளர்கள் முடிவாவதற்கு முன்பே உறுப்பினர்கள் சேர்ந்து முடிவெடுக்கட்டும். யார் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு போட்டால் அந்த எண்ணிலேயே சந்தேகம் வரும்.

போட்டவர் பட்டியலையும் வெளியில் ஒட்டாதீர்கள். "போடாதே, வீட்டிலேயே இரு" என்று சொன்னவன் அந்தப் பட்டியலைத்தான் வந்து பார்ப்பான்.

பட்டுக்கோட்டை, சிங்கப்பூரிலிருந்து எழுதியது:

எங்கள் பக்கத்து உழவர் நிறுவனத்துக்கும் இதை அப்படியே அனுப்புகிறேன் அண்ணே. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் நம் ஆட்கள் கூடுகிறோம். இன்னார் இன்ன எண் என்று ஒவ்வொருவரும் நேரில் நின்று காணொளி அழைப்பில் பதிந்துகொள்ள ஏற்பாடு செய்தால், ஊரில் இருக்கும் அண்ணன் தம்பி எண்ணைக் கொடுத்துத் தப்பு நடக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியை (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

மூன்று மையங்களுக்கும் அலுவலர் வேண்டுமென்றால் என்னைப் போல ஓய்வு பெற்றவர்களைக் கேளுங்கள், வெளியூர்க்காரர்களாகப் பார்த்து. உறுப்பினராகவோ கடன் வாங்கியவராகவோ இருக்கக் கூடாது. காலையில் வேட்பாளர்களின் ஆட்களைக் கூப்பிட்டு, காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, அவர்கள் கண்முன் அரக்கு வைத்துப் பூட்டுங்கள்.

மறைப்பை வைக்கும்போது அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சுவராகப் பாருங்கள். கொள்முதல் மையம் என்றால் பின்பக்கம் திறந்த கொட்டகையாக இருக்கும், அங்கே மூட்டை அடுக்கினாலும் போதும். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், படம் எடுத்துக் காட்டச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். வலங்கைமான் அம்மா போன்றவர்கள் வந்தால் வீட்டுக்காரரை வரிசையில் தனியாக நிற்கச் சொல்லுங்கள். சீட்டில் பெயரோடு படமும் சின்னமும் இருக்கட்டும், படிக்கத் தெரியாதவர்கள் துணை கேட்காமல் தாங்களே போட்டுவிடுவார்கள்.